துறவி தந்த பட்டியல்

காசியில் அனுமான் கட்டத்துச் சந்துகளில் நடப்பவர்களுக்குத் தமிழோசை காதில் விழுவது புதிதன்று. தலைமுறை தலைமுறையாக அங்குத் தமிழர் வாழ்ந்து வருகின்றனர். ஆனால் அந்நகரைப் பற்றி 1880-களில் ஐரோப்பாவில் பரவிய ஒரு கதை, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் புதிதாகவே இருக்கும்.

காசிப் பெருங்கோயில் ஒன்றில் பித்தளைப் பீடத்தின்மேல் மூன்று வைர ஊசிகள் நிற்கின்றனவாம். படைப்புக் காலத்தில் கடவுள் 64 பொன் வட்டுகளை, பெரியது அடியிலும் சிறியது மேலுமாக, ஓர் ஊசியில் கோத்து வைத்தாராம். ஒரு முறைக்கு ஒரு வட்டை மட்டுமே எடுக்கலாம். சிறிய வட்டின்மேல் பெரியதை வைத்தல் ஆகாது. இவ்விதி பிறழாமல் அர்ச்சகர்கள் இரவும் பகலும் வட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கின்றனர். 64 வட்டுகளும் வேறோர் ஊசிக்கு மாறி முடிந்த கணத்தில் உலகம் முடிந்துவிடும் என்பது கதை.

இப்படி ஒரு கோயில் காசியில் இல்லை, இருந்ததும் இல்லை. 1883-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கடைகளில் ஒரு மரவிளையாட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதனோடு சேர்த்துப் பரப்பப்பட்ட கற்பனை இது. பெட்டியின் மேல் 'சயாம் தேசத்துப் பேராசிரியர் கிளாஸ்' என்று ஒரு பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அப்படியொரு பேராசிரியரும் இல்லை. பிரெஞ்சு எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் அப்பெயர் 'அமியான் ஊர் லூக்கா' என்றாகும். எதுவார் லூக்கா பிரான்சு நாட்டில் அமியான் நகரில் 1842-இல் பிறந்தவர். பாரிஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். எண்களின் இயல்பை ஆராய்வதில் தம் காலத்தில் ஒப்பாரும் மிக்காரும் அரிதாக விளங்கியவர். அவருடைய விளையாட்டுப் பெட்டிக்கும் இன்று நாம் பேசப்போகும் பெரும் பகா எண்களுக்கும் நெருங்கிய உறவுண்டு.

ஒரே வட்டு இருந்தால் ஓர் அசைவு போதும். இரண்டு வட்டுகளுக்கு 3, மூன்றுக்கு 7, நான்குக்கு 15, ஐந்துக்கு 31 அசைவுகள் வேண்டும். ஒவ்வொரு வட்டு கூடும்போதும் முன்னைய எண் இரட்டித்து ஒன்று மிகுகிறது. வேறு விதமாகச் சொன்னால், இரண்டைத் தன்னாலேயே வட்டுகளின் எண்ணிக்கை அளவுக்குப் பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் குறைத்தால் அசைவுகளின் தொகை கிடைத்துவிடும். 64 வட்டுகளுக்கு அத்தொகை 18446744073709551615. நொடிக்கு ஓர் அசைவு என்று வைத்துக்கொண்டாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆதலின் உலக முடிவைப் பற்றி நேயர்கள் இப்போதைக்குக் கவலையுற வேண்டுவதில்லை.

1, 3, 7, 15, 31, 63, 127 என வளர்ந்து செல்லும் இவ்வரிசையில் பகா எண்கள் எவை? தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணையே பகா எண் என்கிறோம். 3, 7, 31, 127 ஆகியவை பகா எண்கள். 15, 63 பகுபடுவன. வட்டுகளின் எண்ணிக்கை, அதாவது அடுக்கு, பகுபடும் எண்ணாயின் விடையும் பகுபடும் என்பதைக் காட்டுவது எளிது. அடுக்கு பகா எண்ணாயின் விடையும் பகா எண்ணாகுமா? 2, 3, 5, 7 என்னும் முதல் நான்கு அடுக்குகளும் 'ஆம்' என்று தலையாட்டுகின்றன. அதை நம்பி, எப்போதும் அப்படியே என்று எழுதிவைத்தவர்களும் உண்டு. ஆனால் அடுத்த பகா எண்ணாகிய 11 ஏமாற்றிவிடுகிறது. அதற்குரிய எண் 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகை. இது 1536-இல் அச்சேறிய ஒரு நூலில் காணப்படுகிறது.

இத்தகைய எண்களின்மேல் அறிஞர்களுக்கு ஏன் இத்தனை நாட்டம்? காரணம் பழையது. கி.மு. 300-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட், பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். அவரே தம் நூலில் நிறைவெண்களைப் பற்றியும் கூறினார். தன்னின் சிறிய வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தானே ஆகும் எண் நிறைவெண். 6 என்பது 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. 28 என்பது 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. நம் காசிக் கோபுர வரிசையில் ஒரு பகா எண் கிடைத்தால், அதைக்கொண்டு ஒரு நிறைவெண்ணை உடனே உண்டாக்கலாம் என்று யூக்ளிட் காட்டினார். நிறைவெண்களைத் தேடியவர்கள் யாவரும் அன்றுமுதல் இவ்வரிசையைத் துருவலாயினர்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் நகரத்து மடமொன்றில் மாரின் மெர்சேன் என்னும் துறவி வாழ்ந்தார். அறிவியல் இதழ்கள் தோன்றாத காலம் அது. டெக்கார்ட், ஃபெர்மா முதலிய பேரறிஞர்கள் கண்டவற்றை இவருக்கு எழுதுவர். இவர் அவற்றைப் பிரதி செய்து பிறருக்கு அனுப்புவார். ஒரு மனிதரே அஞ்சல் நிலையமாகவும் சபையாகவும் இயங்கினார் எனலாம். 1644-இல் அவர் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் போகிற போக்கில் ஒரு செய்தியைக் கூறினார்: 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தரும், ஏனையவை தாரா.

எவ்வாறு கண்டார்? அவர் சொல்லவில்லை. அக்காலத்தில் 19 வரையிலான அடுக்குகளுக்கே சோதனை நடந்திருந்தது. இத்தாலியரான கட்டால்டி அதைக் கையால் வகுத்துப் பார்த்து முடித்திருந்தார். 127-ஆம் அடுக்குக்குரிய எண்ணோ 39 இலக்கங்கள் கொண்டது. 15 அல்லது 20 இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்ணா என்று சோதித்தறிய எக்காலமும் போதாது என்று மெர்சேனே எழுதியிருக்கிறார். காலமே போதாத சோதனையின் முடிவை எவ்வாறு முன்கூட்டியே அறிந்தார் என்பது அவரோடு மறைந்தது. அவர் 1648-இல் காலமானார். பட்டியல் மட்டும் நின்றது. அந்த எண்களுக்கு 'மெர்சேன் எண்கள்' என்ற பெயரும் நிலைத்தது.

அதைச் சரிபார்க்க எண்ணியவர்களுக்கு முதற்கருவியை அளித்தவர் ஃபெர்மா. ஒரு மெர்சேன் எண்ணுக்குக் காரணி இருக்குமாயின், அக்காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது அடுக்கின் இருமடங்கால் வகுபட வேண்டும் என்று அவர் கண்டார். 11-ஆம் அடுக்கின் காரணிகளாகிய 23-ஐயும் 89-ஐயும் பாருங்கள்; ஒன்றைக் கழித்தால் 22-உம் 88-உம் வருகின்றன. இதனால், கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கொண்டு வகுத்துப் பார்க்கும் வேலை பெரிதும் குறைந்தது. 23-ஆம் அடுக்கு 47-ஆலும் 37-ஆம் அடுக்கு 223-ஆலும் வகுபடுவதை ஃபெர்மா 1640-இல் எளிதாகக் காட்டினார். இவ்விரண்டையும் பகா எண் தருவன என்று முன்னர்க் கூறியிருந்தவர் மேற்சொன்ன கட்டால்டியே. நேரில் சோதித்ததில் பிழையில்லாதவர், சோதியாமல் கூறியதில் தவறினார்.

நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்தபின் ஆய்லர் அடுத்த அடியை எடுத்துவைத்தார். ரஷ்யத் தலைநகர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில், கண்ணொளி ஏறக்குறைய முழுதும் மங்கிவிட்ட முதுமையில், 31-ஆம் அடுக்குக்குரிய 2147483647 பகா எண்ணே என்று 1772-இல் பெர்னூலி குடும்பத்தார் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். ஃபெர்மாவின் விதியோடு தாம் கண்ட மற்றொரு விதியையும் சேர்த்து, காரணியாக இருக்கக்கூடிய எண்களை நானூற்றுக்கும் குறைவாகச் சுருக்கிவிட்டார். ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தார், ஒன்றாலும் வகுபடவில்லை. பட்டியலில் 31 சரி என்றாயிற்று.

1811-இல் பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலக் கணித ஆசிரியர், ஆய்லரின் எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைக் குறிப்பிட்டு, இதனினும் பெரியதை இனி எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எழுதினார். இவ்வெண்கள் வியப்பூட்டுவனவே அன்றிப் பயன் தருவன அல்ல; ஆகவே இதற்கப்பால் தேட யார்தாம் முயல்வார் என்பது அவர் கேள்வி. பார்லோ சிறந்த கணிதர்; அவருடைய வாய்பாடுகள் நூறாண்டுக்கு மேல் பொறியாளர் கைகளில் புழங்கின. ஆயினும் மனிதனுடைய விடாப்பிடியை அவர் குறைத்து மதித்துவிட்டார்.

127-ஆம் அடுக்கை ஆய்லரின் வழியில் சோதிப்பது இயலுமா? முழு எண் இது: 170141183460469231731687303715884105727. இதன் வர்க்கமூலமே 20 இலக்கமுள்ளது. ஃபெர்மாவும் ஆய்லரும் அளித்த சுருக்கு வழிகள் அனைத்தையும் கையாண்டு, நொடிக்கு ஒன்றாக வகுத்துச் சென்றாலும் 80 கோடி ஆண்டுகள் வேண்டும். காசிக் கதையின் அர்ச்சகர்களைவிட விரைவில் முடியும் என்பது மட்டுமே ஆறுதல். ஆகவே வகுத்துப் பார்க்காமலே வகுபடாது என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியைக் கண்டவர்தாம் விளையாட்டுப் பெட்டி செய்த லூக்கா.

லூக்கா 1870-ஆம் ஆண்டுப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றியவர். போர் முடிந்தபின் பள்ளி ஆசிரியரானார். 1, 1, 2, 3, 5, 8, 13 என முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறும் எண்வரிசைக்கு ஃபிபொனாச்சி என்ற பெயரை வழங்கச் செய்தவரும் இவரே. அதே வரிசை குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரரின் யாப்பிலக்கண ஆராய்ச்சியில் ஃபிபொனாச்சிக்கு முன்னரே இடம்பெற்றது என்பதை லூக்கா அறிந்திருந்தால் பெயர் வேறாகியிருக்கலாம். அது கிடக்க. அவ்வரிசையின் இயல்புகளை ஆழ்ந்து நோக்கியபோதுதான் அவருக்குப் பகா எண் சோதனை தட்டுப்பட்டது.

அச்சோதனையைப் பிற்காலத்தில் அமெரிக்கரான டி. எச். லேமர் 1930-இல் செப்பனிட்டு முழு நிரூபணமும் தந்தார். அவர் தந்த வடிவம் பள்ளிச் சிறுவனும் செய்யத்தக்கது. 4 என்னும் எண்ணில் தொடங்குக. அதை வர்க்கப்படுத்தி இரண்டைக் கழிக்க. விடை, சோதிக்கப்படும் மெர்சேன் எண்ணைவிடப் பெரிதானால் அதனால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. இவ்வாறு அடுக்கினும் இரண்டு குறைவான தடவை செய்க. முடிவில் மீதி பூச்சியமானால் அது பகா எண்; இல்லையேல் பகு எண். 31-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் அடுக்கு 5. ஆகவே மூன்று தடவை. 4-இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14-இன் வர்க்கம் 196, இரண்டு போக 194. 31-ஆல் வகுக்க மீதி 8. 8-இன் வர்க்கம் 64, இரண்டு போக 62. 31-ஆல் வகுக்க மீதி 0. ஆகவே 31 பகா எண். 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் முடிவில் 1736 எஞ்சுகிறது. ஆகவே அது பகுபடும். எந்தக் காரணியால் பகுபடும் என்று இச்சோதனை சொல்லாது. பகுபடும் என்பதை மட்டும் சொல்லும். இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

80 கோடி ஆண்டு வேலை நூற்றிருபத்தைந்து வர்க்கங்களாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் ஒவ்வொன்றும் 39 இலக்க எண்ணைத் தன்னாலேயே பெருக்குவது. பெருக்கிய பின் வகுத்து மீதி காண்பது. லூக்கா எண்களைப் பூச்சியமும் ஒன்றுமாக எழுதி, சதுரங்கப் பலகைபோல் பக்கத்துக்கு 127 கட்டங்கள் கொண்ட பலகையில் காய்களை வைத்தும் எடுத்தும் இப்பெருக்கலைச் செய்யும் முறையை வகுத்தார். 1876-இல் 127-ஆம் அடுக்கு பகா எண்ணே என்று அறிவித்தார். அதே ஆண்டில், 67-ஆம் அடுக்கு பகா எண் அன்று என்றும் கூறினார். 127-இல் மெர்சேன் வென்றார், 67-இல் தோற்றார்.

லூக்கா தம் கணக்கின் விவரத்தை வெளியிடவில்லை. பின்னாளில் அவர் எழுதியவற்றில் பழைய உறுதி இல்லை என்று ஆராய்ந்தோர் கூறுவர். அவர் 1891-இல் மறைந்த விதம் பரிதாபமானது. ஒரு விருந்தில் தட்டு கீழே விழுந்து உடைய, அதன் சில்லு தெறித்துக் கன்னத்தில் பட்ட காயம் புரையோடி, சில நாட்களில் உயிரைப் பறித்தது. ஃபோகம்பெர்க் என்னும் பிரெஞ்சுக்காரர் 1914-இல் 127-ஆம் அடுக்கை மீண்டும் கணக்கிட்டு லூக்காவின் முடிவை உறுதி செய்தார்.

இதற்கிடையில் பட்டியலின் மற்றப் பகுதிகளும் ஆட்டங்கண்டன. ரஷ்யாவில் யூரல் மலைப்பக்கத்துச் சிற்றூர்ப் பாதிரியார் இவான் பெர்வுஷின், ஓய்வு நேரக் கணக்கினால், மெர்சேன் விட்டுவிட்ட 61-ஆம் அடுக்கு பகா எண் தருகிறது என்று 1883-இல் கண்டார். மெர்சேனிடம் பற்றுடையோர், அச்சுப்பிழையால் 61 என்பது 67 ஆகிவிட்டிருக்கும் என்று சமாதானம் கூறினர். நல்ல சமாதானந்தான், ஆனால் நிலைக்கவில்லை. அமெரிக்க ரயில்வே கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பவர்ஸ் என்பவர், 1911-இல் 89-ஆம் அடுக்கையும் 1914-இல் 107-ஆம் அடுக்கையும் பகா எண் தருவன என்று காட்டினார். அவையும் பட்டியலில் இல்லை. பாதிரியாரும் ரயில்வே ஊழியரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர் என்பது கருதத்தக்கது.

67-ஆம் அடுக்கு பகுபடும் என்று லூக்கா சொல்லி இருபத்தேழு ஆண்டுகள் ஆகியும் அதன் காரணிகள் எவை என்பது தெரியாமலே இருந்தது. 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோல் பேச எழுந்தார். அவர் வாய் திறக்கவேயில்லை என்பது வழிவழி வரும் செய்தி. கரும்பலகையில் 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். விடை 147573952589676412927. பலகையின் மறுபுறம் சென்று 193707721, 761838257287 என்னும் இரண்டு எண்களை எழுதி நீளப் பெருக்கலாகப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாயின. பேசாமலே இருக்கையில் அமர்ந்தார். சபை எழுந்து கைதட்டியது. இதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் விடை கூறியதாகச் சொல்வர். இக்கதையில் சற்று மெருகு ஏறியிருக்கலாம். பெருக்கலில் மட்டும் மெருகு இல்லை. தாளும் பென்சிலும் உடையவர் இன்றிரவே செய்து பார்க்கலாம்.

257-ஆம் அடுக்கை லேமர் 1920-களில் கைப்பிடி சுழற்றும் கணக்கு இயந்திரத்தைக்கொண்டு மாதக்கணக்கில் உழைத்துச் சோதித்துப் பகுபடும் என்று கண்டார். எஞ்சிய அடுக்குகளும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. 1947-இல் பட்டியல் முழுதும் சோதித்து முடிந்தது. முந்நூற்று மூன்று ஆண்டுகள்! 257 வரை 55 பகா அடுக்குகள் உள்ளன. அவற்றுள் 67-ஐயும் 257-ஐயும் மெர்சேன் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 மூன்றையும் தவறாக விட்டார். மற்ற ஐம்பதில் அவர் கூற்று சரி.

ஐம்பது சரி என்பதைக்கொண்டு அவரைப் புகழ்வோர் உண்டு. நிரூபணமின்றிக் கூறினாரே என்று கடிந்துகொள்வோரும் உண்டு. என் கருத்தில், எந்த ஐம்பது சரி என்று அறியவே மூன்று நூற்றாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. ஆகவே அப்பட்டியலை அறிவு என்று சொல்வதற்கில்லை. அறிவைத் தேடத் தூண்டிய ஒரு நல்ல வினா என்றே கொள்ள வேண்டும். நம்மவர் ஒருவர் வரலாற்றிலும் இதற்கு ஓர் இணையுண்டு. சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்த இராமானுஜன் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதற்கடிதத்தில், ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை மிக நுட்பமாகக் கணிக்கும் முறையைத் தாம் கண்டதாகக் கூறினார். நிரூபணம் இல்லாமலே அவர் எழுதிய பல முடிவுகள் உண்மையாயின. பகா எண்களைப் பற்றிய இம்முடிவு அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமானதன்று என ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டனர். சிறிய எண்களில் சரியாகத் தோன்றுவது பெரிய எண்களில் கைவிட்டுவிடும். இராமானுஜனின் மேதைக்கு இதனால் குறைவில்லை. பகா எண்கள் அத்தகையவை. உள்ளுணர்வில் எவருக்கும் குறையாதவரையும் அவை ஏமாற்றின.

லூக்காவின் 39 இலக்க எண் 75 ஆண்டுகள் உலகத்தில் அறியப்பட்ட பகா எண்களிலெல்லாம் பெரியதாக வீற்றிருந்தது. 1951-இல் ஃபெரியே என்பவர் மேசைக் கணக்கு இயந்திரத்தால் 44 இலக்கமுள்ள ஒன்றைக் கண்டார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியால் 79 இலக்கமுள்ள ஒன்றைக் கண்டனர். அது லூக்காவின் எண்ணை வர்க்கப்படுத்தி 180-ஆல் பெருக்கி ஒன்று கூட்டியது. புதிய அரசன் பழைய அரசனின் தோள்மேல் ஏறி முடிசூடினான் எனலாம்.

1952 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஸ்வாக் என்னும் கணிப்பொறியில் லூக்கா–லேமர் சோதனை ஓட்டப்பட்டது. அதற்குரிய கட்டளைத் தொடரை எழுதியவர் பெர்க்லியிலிருந்த பேராசிரியர் ராபின்சன். அந்தப் பொறியை அவர் அதற்குமுன் கண்டதில்லை. விளக்கப் புத்தகத்தைப் படித்தே எழுதினார். முதல் ஓட்டத்திலேயே பிழையின்றி ஓடியது. லேமர் முன்பு மாதக்கணக்கில் உழைத்த 257-ஆம் அடுக்கைப் பொறி ஒரு நிமிடத்துக்குள் முடித்தது. விடை அவர் கண்டதே. அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு அப்போது தலைமை வகித்தவரும் லேமரே. பிறகு அடுக்குகள் வரிசையாக ஏறின. அன்றிரவே 521-உம் 607-உம் பகா எண்களாகத் தேறின.

அதன்பின் நடந்ததை விரித்துரைப்பின் பெருகும். 1963-இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் 11213-ஆம் அடுக்கு தேறியபோது, கணிதத் துறையினர் தம் கடிதங்களின் அஞ்சல் முத்திரையிலேயே அச்செய்தியைப் பொறித்து அனுப்பினர். 1978-இல் கலிபோர்னியாவில் நோல், நிக்கல் என்னும் 18 வயது மாணவர் இருவர் 21701-ஆம் அடுக்கைக் கண்டனர். 1996 முதல் பல நாடுகளிலும் உள்ள ஆர்வலர்கள் தத்தம் கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை இதற்கு ஈந்து கூட்டாகத் தேடி வருகின்றனர். 2024 அக்டோபரில் அவர்களுள் ஒருவரான லூக் டூரண்ட் 136279841-ஆம் அடுக்கு பகா எண் தருவதைக் கண்டார். லூக்கா என்ற பெயரின் ஆங்கில வடிவமே லூக் என்பது ஓர் இனிய தற்செயல். அவ்வெண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 2,500 இலக்கமாக அச்சிட்டால் 16,000 பக்கங்களுக்கு மேலாகும். அதற்கும் இறுதித் தீர்ப்பு வழங்கியது 4-இல் தொடங்கி வர்க்கப்படுத்தி இரண்டைக் கழிக்கும் அந்தச் சோதனையே.

பார்லோ கேட்ட பயன் எங்கே? 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர், இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கிய தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிக அரிது என்னும் உண்மையைக்கொண்டு இரகசியச் செய்தி அனுப்பும் முறையை வகுத்தனர். கோல் மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டதன் உட்பொருள் இதுவே. ஸ்வாக் கண்ட 521-ஆம் அடுக்கு எண்ணும் மற்றொரு வகை மறைமொழி முறைக்கு அடிப்படையாக வகுக்கப்பட்டது. மணியார்டர் படிவம் எழுதி ஊருக்குப் பணம் அனுப்பிய தந்தையரின் மக்கள், இன்று பம்பாயிலோ தில்லியிலோ இருந்துகொண்டு கைப்பேசியில் தட்டி அனுப்புகின்றனர். வழியில் பிறர் கைபடாமல் காக்கும் ஏற்பாடுகளில் பெரும் பகா எண்களுக்கும் பங்குண்டு.

மெர்சேன் எண்களுக்கு மட்டும் லூக்கா வழி பொருந்தும். எந்த எண்ணை எடுத்துக் கொடுத்தாலும், இலக்கம் பெருகப் பெருக வேலை கட்டுமீறிப் பெருகாமல், உறுதியாகப் பகா எண்ணா எனச் சொல்லும் பொதுவழி உண்டா? விரைவான பொதுவழிகள் இருந்தன. ஆனால் அவை 'பெரும்பாலும் பகா எண்' என்று கூறுவன, அல்லது நிரூபிக்கப்படாத ஒரு கருதுகோளைச் சார்ந்து நிற்பன. இவ்வினாவுக்கு விடை 2002 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து வந்தது. அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அண்மையில் பட்டம் பெற்றிருந்த அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும், ஐயத்துக்கும் கருதுகோளுக்கும் இடமில்லாத ஒரு சோதனையைக் கண்டு நிரூபித்தனர். எட்டு ஒன்பது பக்கங்களில் அடங்கிய அந்த ஆய்வுரை சில நாட்களுக்குள் உலகெங்கும் சென்றது. 2006-இல் அதற்கு கேடல் பரிசு கிடைத்தது. கோடி இலக்க எண்களைத் தேடுவோருக்கு இன்றும் லூக்கா வழியே விரைவானது. கான்பூர் வழியின் பெருமை வேகத்தில் அன்று, எந்த எண்ணையும் விலக்காத உறுதியில் இருக்கிறது.

காரணி தெரியாமலே பகுபடும் என்றறியலாம் என முன்னர்க் கூறினேன். அதற்கு இன்றும் ஓர் உயிருள்ள சான்றுண்டு. 1277-ஆம் அடுக்குக்குரிய மெர்சேன் எண் 385 இலக்கங்கள் கொண்டது. லூக்கா சோதனையில் அது தேறவில்லை. ஆகவே பகுபடும் என்பதில் ஐயமில்லை. கோலின் கரும்பலகையில் எழுதத்தக்க அதன் காரணிகளைப் பல ஆண்டுகளாகக் கணிப்பொறிகளைக்கொண்டு தேடி வருகின்றனர். ஒன்றேனும் இதுவரை அகப்படவில்லை.